மறு: கோஆபரேட்டிவிட்டிக்குத் தமிழில் ‘சுழல்பிணைவு’?

> ஹீமோகுளோபினில் ஓர் ஆக்சிஜன் ஒட்டினால் அடுத்தது எளிதாக ஒட்டுகிறது. அப்போது புரதத்தின் ஒரு பாதி மறுபாதியை நோக்க 15 பாகை அளவு திரும்புகிறது. அதனால் ‘சுழல்பிணைவு’ என்று வைக்கலாமே?

வணக்கம் ஐயா,

புரதத்தில் ஒன்று ஒட்டுவது அடுத்தது ஒட்டுவதைப் பாதிக்கும் பண்புதான் கோஆபரேட்டிவிட்டி. அதற்கு ‘கூட்டுறவு’ என்ற சொல் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். பால் சங்கமும் நகைக்கடனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ‘சுழல்’ மனித ஹீமோகுளோபினுக்குச் சரி, சிப்பிக்கு இடிக்கும்.

ஸ்காஃபார்கா என்ற ரத்தச் சிப்பியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான சிப்பிகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கிடையாது. இதற்குச் சிவப்பணுக்களே உண்டு. அவற்றில் இரண்டு ஹீமோகுளோபின்கள்: ஒரே மாதிரி இரண்டு அலகுகள் (புரதச் சங்கிலிகள்) சேர்ந்தது ஒன்று, இரு வகை அலகுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தது இன்னொன்று. தனி அலகின் மடிப்பு நம்முடையதைப் போலத்தான். சேரும் விதம்தான் தலைகீழ். ஆக்சிஜன் ஒட்டும் இரும்புள்ள பகுதி ஹீம். அதை அணைத்திருக்கும் ஈ, எஃப் என்ற புரதச் சுருள்கள் நம்மிடம் வெளிப்பக்கம் பார்க்கின்றன; சிப்பியில் அவையே ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. எனவே இரண்டு ஹீம்களும் கிட்டத்தட்ட எதிரெதிரே இருக்கின்றன.

ராயர், ஹெண்ட்ரிக்சன், கியான்கோனே என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் இரட்டை அலகுப் புரதத்தின் மாற்றத்தைக் காட்டினார்கள். அலகுகள் திரும்புவது சுமார் 3 பாகைதான். வேலையைச் செய்வது சங்கிலியின் 97-ஆவது இடத்திலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலம். ஆக்சிஜன் இல்லாதபோது அது ஹீமின் பைக்குள் நெருக்கிக்கொண்டு ஈர்ப்பைக் குறைக்கிறது. ஆக்சிஜன் வந்ததும் அலகுகளின் இடைவெளிக்கு வெளியேறுகிறது. அங்கே ஒழுங்காக அமர்ந்திருந்த நீர் மூலக்கூறுகளில் சில கலைகின்றன. இந்த நீரும் சும்மா இல்லை. 72-ஆவது இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தை வாலின் என்ற இன்னொன்றாக மாற்றி நீரின் பிடிப்பைக் குலைத்தபோது, ஆக்சிஜன் ஈர்ப்பு பல மடங்கு கூடியது.

ஆக, விளைவு ஒன்று, வழி வேறு. வழியைப் பெயருக்குள் திணித்தால் அடுத்த உயிரியிலேயே பெயர் பொய்யாகிவிடும்.

முதல் பிணைவு அடுத்ததைத் தூண்டுகிறது என்ற பொருளில் ‘தூண்டுபிணைவு’ என்று வைத்தால் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் பிணைவு அடுத்ததைக் கடினமாக்கும் புரதங்களும் உண்டே, அவற்றை என்ன செய்வது? என் பரிந்துரை ‘சார்புப்பிணைவு’. எளிதாக்கினால் நேர்ச் சார்புப்பிணைவு, கடினமாக்கினால் எதிர்ச் சார்புப்பிணைவு.

ஓரிடத்தில் ஒட்டும் மூலக்கூறு புரதத்தின் வேறோர் இடத்தின் வேலையை மாற்றுவதை அல்லோஸ்டெரிக் என்கிறோம். அதற்கும் இதே சொல்லை வைக்க வேண்டாம். அங்கே வந்து ஒட்டுவது வேறொரு மூலக்கூறாகவும் இருக்கலாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அப்புறம் பேசுவோம்.