காலண்டர் தாளை யாரும் கிழிக்காதீங்க

குழு: அப்புச்சி (தாய்வழித் தாத்தா) வீடு
ஜனவரி 6, செவ்வாய்

பிரபு, இரவு 8.12
அம்மிணி, பொங்கலுக்குப் புதன் காலை பஸ்ஸில் வர வேண்டாம், கூட்டம் தாங்காது. 13-ஆம் தேதி எனக்குக் கோயமுத்தூரில் ஒரு வேலை இருக்குது. சாயந்திரம் 4 மணிக்குக் காரிலேயே கூட்டிட்டு வந்துடறேன்.

சுமதி, 8.20
கார் நல்லதுதான் அண்ணா, இன்றைக்கே சொன்னது அதைவிட நல்லது. எங்கள் பையன் தினமும் பல் துலக்கியதும் காலண்டர் தாளைக் கிழித்து மீதியை எண்ணிவிட்டுத்தான் பூஸ்ட் குடிப்பான். 14-ஆம் தேதித் தாளில் அப்புச்சி வீட்டுப் படம் ஒட்டியிருக்கிறோம், இன்னும் 8 தாள். 13-ஆம் தேதியே கிளம்பினால் நமக்குத்தான் அது சீக்கிரம் போவது, அவனுக்கு அம்மா சொன்னது பொய்.

பெரியம்மா, 8.31
ஒரு நாள் முன்னாடி வந்தா சந்தோசம்தானே சாமி. எல்லாப் பசங்களும் அடம் பண்றதுதான், வயசானா சரியாப் போயிரும்.

சுமதி, 8.44
அடம் இல்லைங்க பெரியம்மா. ஆட்டிசம் வயதானால் போகிற காய்ச்சல் இல்லைங்க, அவன் அப்படித்தான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் குறைந்துவிடும், அதற்குத்தான் இந்தத் தாள் கணக்கு. தீபாவளிக்கு யாரோ நல்ல எண்ணத்தில் முந்தின ராத்திரியே தாளைக் கிழித்தது ஞாபகம் இருக்குதுங்களா? குப்பையிலிருந்து அதைத் தேடி எடுத்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டும்வரை அவன் உட்காரவே இல்லை.

பிரபு, 8.45
அந்த யாரோ நான்தான் 🙈

நங்கை, 8.50
அப்போ கார் வேண்டாமா? என்ன பண்ணலாம் சொல்லு.

சுமதி, 9.07
வரட்டும் நங்கை. அவனுக்கு 'மாற்றம்' என்று ஒரு மஞ்சள் அட்டை வைத்திருக்கிறேன். முதலில் சின்னச் சின்ன நல்ல மாற்றத்துக்குத்தான் காட்டினேன், தோசைக்குப் பதில் பணியாரம் அந்த மாதிரி. காலையில் கார் படத்தோடு அதை 13-ஆம் தாளில் ஒட்டுகிறேன். அப்புறம் இன்னொன்று, போன பொங்கலுக்கு நானும் ஒரு தப்புப் பண்ணினேன், பொங்கல் நாள் வரைக்கும்தான் எண்ண வைத்தேன். எண்ணிக்கை தீர்ந்ததும் அவனுக்கு எல்லாமே முடிந்துவிட்டது, இங்கே பானை பொங்குகிறது, அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். அதனால் இந்தத் தடவை 14 காப்புக் கட்டு (ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலைப் படம்), 15 பொங்கல், 16 பட்டிப் பொங்கல் (மாட்டுப் பொங்கல்), 17 பூப்பறிக்கிற நோன்பு, 18 ஞாயிறு எங்கள் வீட்டுக் கதவு. அந்தக் கதவுப் படத்தைத்தான் அதிகம் தொட்டுப் பார்க்கிறான். ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பித்தால் தூக்கம் போய்விடுகிறது, எங்களுக்குப் பத்து நாள்தான் சரி.

அம்மா, 9.15
பட்டியில் தட்டு அடிக்கும்போது காதைப் பொத்திட்டு ஓடினானே கண்ணு, அதுக்கு?

சுமதி, 9.18
காதை மூடுகிற ஹெட்போன் எடுத்து வருகிறேன் அம்மா. மாட்டுப் பட்டியையும் அதில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டுகிற இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, முன்னாடியே பார்த்துக்கொள்ளட்டும். ஓடினால் ஓடட்டும், யாரும் பிடித்து இழுக்க வேண்டாம்.

அப்பா, 9.26
தட்டு அடிக்கறதுக்கு முன்னால நான் கை தூக்கிக் காட்டறேன். அதையும் அவங்கிட்டச் சொல்லி வை.

ஜனவரி 7, புதன்

சுமதி, காலை 7.16
மஞ்சள் அட்டை ஒட்டியாச்சு. ரொம்ப நேரம் பேசவே இல்லை, பூஸ்ட் ஆறிப்போய்விட்டது. அப்புறம் 13-ஆம் தாளைத் தூக்கிப் பார்த்துப் படித்தான்: "செவ்வாய், ராகு காலம் 3 முதல் 4.30. மாமா 4.31-க்கு வரட்டும்."

அப்பா, 7.19
பேரன் சொல்றதுதான் சரி. ராகு காலத்தில் வண்டி எடுக்கலாமா?

பிரபு, 7.24
உத்தரவு. நாலரைக்கு மேல வந்துடறேன்.

சுமதி, 7.25
நாலரைக்கு மேல இல்லை அண்ணா, 4.31. தாளில் எழுதிவிட்டான்.