நீல டிக் விழுந்தும் பதில் வராத கதைகள்

கடைசிபெஞ்சு:
அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் உறுத்துது. ஒரு குடும்ப வாட்ஸ்அப் குரூப். பெரியவரை ஆஸ்பத்திரியில சேர்த்த தகவலை மூத்த மகள் ராத்திரி போட்டாங்க. காலையில அதே செய்தியை அழுத்திப் பிடிச்சு 'இன்ஃபோ'வைத் தொட்டு, யார் யார் எத்தனை மணிக்குப் படிச்சாங்கங்கிற பட்டியலைப் படமெடுத்து குரூப்லயே போட்டுட்டாங்க. படிச்சும் ஒரு வார்த்தை எழுதாத அத்தை பேரைச் சுத்தி சிவப்பு வட்டம்! அந்த வாரமே அத்தை வெளியேறிட்டாங்க. 2022லேர்ந்து யாராவது குரூப்பை விட்டுப் போனா அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகுது. அட்மின் யாருன்னு சொல்லணுமா? மத்தவங்க பார்க்கணும்னா உறுப்பினர் பட்டியலோட அடியில பழைய உறுப்பினர்கள்னு 60 நாள் வரைக்கும் இருக்கும். அங்கேயும் ஒருத்தரும் எட்டிப் பார்த்த மாதிரி தெரியலை.

நூல்கண்டு:
செட்டிங்ஸ், பிரைவசி, ரீட் ரிசீப்ட்ஸ். அணைச்சா முடிஞ்சது. 2014 நவம்பர்ல நீல டிக் வந்த கொஞ்ச நாள்லயே இந்தச் சுவிட்சும் வந்தாச்சு. அத்தைக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

தாழ்ப்பாள்:
@நூல்கண்டு சொல்லிக் கொடுத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தச் சுவிட்ச் தனி அரட்டைக்கு மட்டும்தான். குரூப்பில் யார் படித்தார் என்பது எப்போதும் தெரியும். வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டாலும் அப்படித்தான், அனுப்பியவர் பக்கம் மைக் படம் நீலமாகிவிடும். போதாததற்கு, நீங்கள் அணைத்தால் அடுத்தவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. 'லாஸ்ட் சீன்' மறைப்பதற்கும் இதே கணக்குதான்.

அந்த மகள் சிவப்பு வட்டம் போட்ட இடமே தப்பு என்பது என் கட்சி. நீலம் என்றால் அந்த அரட்டை திரையில் திறந்தது என்று மட்டும்தான் பொருள். கண் படித்ததா என்று போனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, ஒரு அரட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால், ஆளே இல்லாத நாற்காலிக்கு முன்னால் டிக் நீலமாகும். மேலேயிருந்து இழுக்கும் அறிவிப்புப் பட்டையிலேயே முழுச் செய்தியையும் படித்துவிட்டால் நீலமே வராது. குரூப்பில் இருக்கும் மொத்தப் பேரும் திறந்த பிறகுதான் டிக் நிறம் மாறும் என்பதால், ஒருத்தர் போன் ரிப்பேரில் கிடந்தாலும் சாம்பலாகவே நிற்கும். இதை வைத்துக்கொண்டு பாசத்தை அளக்கிறார்கள்.

இரவுப்பணி:
டிக்காவது பரவாயில்லைங்க. ஆபீஸ் குரூப்ல ஒரு தம்பி, டீம் லீடரைத் திட்டி நண்பனுக்கு எழுதினதைத் தவறிப்போய் அங்கேயே போட்டுட்டான். பதறி அழிச்சான், ஆனா தொட்டது 'டெலிட் ஃபார் மீ'. அவன் திரையில செய்தி காணோம், மத்த எல்லார் திரையிலயும் பத்திரமா இருக்கு. மறுநாள் காலையில அதுக்கு நேர் கீழே அவன் போட்ட "குட் மார்னிங் சார்" இருக்கே!

தெரியாதவங்களுக்கு: அப்படித் தவறா தொட்டா அடியில 'அன்டூ' அஞ்சு நொடிதான் நிற்கும் (2022 டிசம்பர்ல வந்தது). அதைத் தொட்டு செய்தியைத் திரும்ப வரவழைச்சு, அப்புறம் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' தொடணும். 2017ல இந்த வசதி வந்தப்போ 7 நிமிஷம்தான் கெடு, இப்ப ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல. எழுத்துப்பிழைன்னா அழிக்கவே வேணாம், 15 நிமிஷத்துக்குள்ள 'எடிட்' பண்ணிக்கலாம். எதிராளி ஆண்ட்ராய்டு 11 அல்லது அதுக்கு மேல வெச்சிருந்து, நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை முன்னாடியே போட்டு வெச்சிருந்தா, நீங்க அழிச்சது அவங்க போன்ல ஒரு நாள் கிடக்கும்.

ஒலிபெருக்கி:
வாய்ஸ் மெசேஜ் பத்தி யாரும் பேசலையே. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற இடத்தில் ஒரு பெண்மணி ஸ்பீக்கரில் போட்டார், அவர் மருமகளோட ஸ்கேன் ரிசல்ட் மொத்த வரிசைக்கும் கேட்டது. அவ்வளவுதான் கதை.

கேட்பவர் போனைக் காதில் வைத்தாலே போதும், சத்தம் ஸ்பீக்கரிலிருந்து காதுப்பக்கத்துக்கு மாறிவிடும். மாறவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்கிரீன் கார்டு மேலே இருக்கும் சென்சாரை மூடியிருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள். அனுப்புகிறவர்களுக்குத்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் ஒரு வரி எழுதுங்கள், "அவசரமில்லை" அல்லது "தனியாகக் கேள்" என்று. முகவரி, தேதி, நம்பர் எதையும் குரலில் சொல்லாதீர்கள். பிறகு தேடினால் கிடைக்காது, காப்பியும் பண்ண முடியாது, நாலு முறை ஓட்டிக் கேட்க வேண்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அது போன் பேச வேண்டிய விஷயம். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டுப் பேசலாம். நிறுத்தி, ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பலாம். இடப்பக்கம் தள்ளினால் ரத்து. அந்தரங்கமான சங்கதி என்றால் ஒருமுறை மட்டும் கேட்கும்படி அனுப்பும் வசதி 2023 கடைசியில் வந்திருக்கிறது, பூட்டிய பிறகு வட்டத்துக்குள் 1 என்று தெரியும், அதைத் தொட வேண்டும். நீளமாக வந்தால் 1.5, 2 என்று வேகம் கூட்டிக் கேட்கலாம், ஆனால் துக்கச் செய்தியை ரெண்டு மடங்கு வேகத்தில் கேட்டுவிட்டு உடனே பதில் போடாதீர்கள். மூணு நிமிட மெசேஜுக்கு ஒன்றரை நிமிடத்தில் பதில் வந்தால் அனுப்பியவருக்குத் தெரியாதா என்ன?

கடைசிபெஞ்சு:
@ஒலிபெருக்கி சாமி, இங்கே பேச்சு டிக் பத்தி.
@தாழ்ப்பாள் நாற்காலி விளக்கமெல்லாம் சரி. ஆனா அத்தை படிச்சாங்கதான். ஒரு "ஐயோ"வுக்கு எவ்வளவு நேரமாகும்?

தாழ்ப்பாள்:
போன் பண்ணிப் பேசியிருக்கலாம். நேரிலேயே போயிருக்கலாம். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் அது வராது.

மண்வெட்டி:
ஒத்தை டிக் நின்னா பிளாக்னு ஒரு தோழி முடிவு பண்ணி, அவளும் பதிலுக்கு பிளாக் பண்ணிட்டா. எதிர்ப்பக்கம் போன் தண்ணியில விழுந்து சர்வீஸ்ல கிடந்தது. ஒத்தை டிக்னா அந்த போனுக்குப் போய்ச் சேரலை, அவ்வளவுதான். லாஸ்ட் சீனும் காணோம், புரொஃபைல் படமும் காணோம், வாட்ஸ்அப் கால் போட்டாலும் எடுக்கலைன்னாதான் சந்தேகப்படலாம். அப்பவும் சாதாரண கால் ஒண்ணு போட்டுப் பாருங்க.