புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை: வசனத்தைக் கற்கிறோமா, குறி கேட்கிறோமா?

பாளை எட்வின்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் இருக்கிற வாக்குத்தத்த அட்டைகளில், அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டைகளில், ஆளுக்கொன்று எடுக்கிறோம். வாசலைத் தாண்டுவதற்குள் "உனக்கு என்ன வந்தது?" என்ற கேள்வி. "உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" வந்தவருக்கு பிரமோஷன் நிச்சயம். "பொறுமையாயிருங்கள்" வந்தவருக்கு முகம் வாடிப்போகிறது. கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டால் விசுவாசம் இல்லாதவன் என்கிறார்கள்.

அதிகமாக அச்சாகிற வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைப்பிடித்துப் போன யூத ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் இது. அதற்கு முந்தின வசனம் என்ன சொல்கிறது? எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் பெரியவர்கள் எல்லாரும் அந்த ஊரிலேயே மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

28-ம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் வைத்துச் சொல்கிறான், பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். அவன் சொன்னது கேட்க இனிமையாக இருந்தது, ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். நாம் எரேமியாவின் வசனத்தை அச்சடித்து, அனனியா சொன்ன அர்த்தத்தில் அதை வாங்கிக்கொண்டு போகிறோம்.

பாஸ்டர் சாம்

தம்பி எட்வினுக்கு ஸ்தோத்திரம். நீங்கள் மூன்று நான்கு தலைமுறையாக வேதம் கையில் இருக்கிற ஊரிலிருந்து பேசுகிறீர்கள். என் சபையில் பாதிப்பேர் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள், முதல் தலைமுறை விசுவாசிகள். பலருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். வருஷம் முழுக்க அவர்கள் மனப்பாடமாய்ச் சொல்கிற ஒரே வசனம் அந்த அட்டையில் இருப்பதுதான். சுவரில் ஒட்டி வைத்துப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை குறி என்று சொல்ல உங்களுக்கு மனசு எப்படி வந்தது?

தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எத்தனை உண்டோ அவையெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறது, 2 கொரிந்தியர் 1:20. முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது, ரோமர் 15:4. பாபிலோனுக்குப் போனவனுக்கு மட்டுமே அந்த வசனம் சொந்தம் என்றால் நான் பழைய ஏற்பாட்டைத் திறக்கவே வேண்டாம்.

கிரேஸ், நாகர்கோவில்

எட்வின் அண்ணனுக்கு ஒரு கேள்வி. யோசுவா 1:5-இல் "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்று கர்த்தர் யாரிடம் சொன்னார்? மோசே இறந்தபின் யோர்தானைக் கடக்கப்போகிற ஒரு தலைவனிடம். அவனுக்கு முன்னால் ஒரு தேசம் இருந்தது, பின்னால் ஒரு சேனை இருந்தது. எபிரெயர் 13:5-ஐ எழுதினவர் அதே வார்த்தையை எடுத்துச் சாதாரண சபை ஜனங்களுக்குக் கொடுக்கிறார். யோசுவாவுக்குச் சொன்னதை நமக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வேதமே செய்வதை நான் செய்தால் தப்பா?

நான் நர்ஸ். ஐ.சி.யு.வில் நைட் டியூட்டி. அந்த ஒரு வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேலை பார்த்த ராத்திரிகள் நிறைய. அப்போது எனக்கு அதிகாரத்தின் பின்னணி தேவைப்படவில்லை.

பாளை எட்வின்

கிரேஸ், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அந்த வசனத்தை முழுசாக வாசிப்போம். "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்." இதற்குப் பிறகுதான் "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை" வருகிறது. அதற்கு முன்னால் அந்நியரை உபசரியுங்கள், கட்டப்பட்டிருக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. யாருக்கு எழுதினது? அதே எபிரெயர் நிருபத்தில் 10:34-ஐப் பாருங்கள், ஆஸ்திகளைக் கொள்ளை கொடுத்தவர்களுக்கு. கையில் இருந்ததைப் பறிகொடுத்தவனிடம், இன்னும் சேர்க்க ஓடாதே, நான் உன்னோடு இருக்கிறேன் என்கிறார். நான் இதுவரை பார்த்த அட்டைகளில் முதல் பாதி இல்லை, பின்பாதி மட்டும்தான் இருக்கிறது.

வசனத்தை எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அது கேட்கிறதை விட்டுவிட்டுக் கொடுக்கிறதை மட்டும் எடுக்கக்கூடாது என்கிறேன். இயேசுவைச் சோதித்தபோது தேவாலயத்து உப்பரிகையில் பிசாசும் 91-ம் சங்கீதத்தைச் சரியாகத்தான் சொன்னான், வார்த்தையில் பிழை இல்லை. இயேசு அவனுக்கு உபாகமத்தைக் கொண்டு பதில் சொன்னார்.

ஜோயல் ஆவடி

சரித்திரத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது ரோமர் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட 13:13, 14-ஐ வாசித்தார். வாழ்க்கையே மாறியது. ஆனால் அந்த வசனம் அவருக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. களியாட்டையும் வெறியையும் விட்டுவிடு என்றது.

ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரில் இருந்த மொரேவியர் என்ற கிறிஸ்தவ சமூகத்தாருக்கு 1728-இல் சின்சென்டார்ஃப் பிரபு தினம் ஒரு வசனம் கொடுக்க ஆரம்பித்தார். 1731 முதல் புத்தகமாகவே அச்சாகி இன்றுவரை வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள், கூடவே பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைத் தேடிச் சேர்க்கிறார்கள். ஆகவே சீட்டு என்பதே பாவம் என்று எட்வின் சொல்ல முடியாது. நம்முடைய அட்டை ஆளுக்கொன்று, வருஷத்துக்கு ஒன்று. அவர்களுடையது நாளுக்கொன்று, சமூகம் முழுக்கவும் ஒன்றே. "உனக்கு என்ன வந்தது" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 1732-இல் அவர்களில் இரண்டுபேர் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளிடம் ஊழியத்துக்குப் போனார்கள்.

மன்னார் சூசை

நான் கத்தோலிக்கன். எங்களுக்கு அட்டை பழக்கமில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வரும், பிடித்ததைத் தெரிவு செய்ய முடியாது. பிடிக்காததும் வரும். அது நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் எரேமியா 29 பற்றி எனக்கு வேறொன்று சொல்ல இருக்கு. 1990-இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து மண்டபம் முகாமில் இருந்த குடும்பம் எங்கட. அப்பா வீட்டைச் சுற்றி ஒரு கன்றும் வைக்க விடமாட்டார். "அடுத்த மாதம் போயிடுவம், என்னத்துக்கு?" என்பார். வருசங்கள் போனது. முகாமில் செபம் நடத்த வந்த ஒரு உபதேசியார் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நட்டுப் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் கொண்டுபோகப்பட்ட நகரத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள். அதுக்குப் பிறகுதான் அந்த 11-ம் வசனம். அம்மா அந்தக் கிழமையே முருங்கைக் கம்பு ஊன்றினா. அப்பா ஒன்றும் சொல்லேல்லை. அவர் ஊருக்குத் திரும்பாமலே இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

எட்வின் தம்பி, நீங்கள் எழுபது வருடத்தைச் சொன்னீர்கள், சரி. 5-ம் 6-ம் 7-ம் வசனங்களை நீங்களும் சொல்லவில்லையே. காத்திருக்கிற காலத்தில் என்ன செய்யவேணும் என்று அங்கேதான் இருக்கு. எழுபதை மட்டும் சொன்னால் மனிசன் உடைஞ்சு போவான்.

கிரேஸ், நாகர்கோவில்

சூசை அண்ணா, உங்கள் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

எட்வின் அண்ணனுக்கு இன்னும் ஒன்று. வெண்டிலேட்டரில் இருக்கிற மகனுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தாய் எரேமியா 29:11-ஐச் சொல்லி அழுதால், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வேன். பாபிலோனைப் பற்றி அப்போது பேசமாட்டேன். அதற்கு வேறு நாள் இருக்கிறது. இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

பாளை எட்வின்

அந்தத் தாயிடம் நானும் பேசமாட்டேன். நான் பேசுவது அட்டையைத் தெரிந்தெடுத்து அச்சுக்குக் கொடுக்கிறவர்களிடம்.

பாஸ்டர் ஐயா, உங்களிடமே நேராகக் கேட்கிறேன். "இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்", லூக்கா 3:11. இது உங்கள் அட்டையில் என்றைக்காவது வந்திருக்கிறதா? வேலைக்காரருடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு 5:4? கட்டட வேலைக்காரர்கள் இருக்கிற சபை என்றீர்கள். கூலி கொடுக்கிறவர்களும் இருப்பார்கள்தானே?

பாஸ்டர் சாம்

இருக்கிறார்கள். மேஸ்திரியும் அவரிடம் வேலை பார்க்கிற சித்தாளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். சனிக்கிழமை வரவேண்டிய கூலி அடுத்த புதன்கிழமை வருகிற கதை எனக்கும் தெரியும். அட்டை வாங்கின சித்தாளும் அதை என்னிடம்தான் வந்து சொல்வாள்.

யாக்கோபு 5:4-ஐ அட்டையில் போடமாட்டேன். மேஸ்திரி கையில் அது போனால் சபை முழுக்க அவரைப் பார்த்துப் பேசும். தப்பிப்போய்ச் சித்தாள் கையில் வந்தால் அவளுக்கு அதனால் என்ன? சிலதை அச்சடித்து நீட்டக்கூடாது, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்லவேண்டும். அட்டையையும் நிறுத்தமாட்டேன். ஆனால் இந்த முறை பின்பக்கத்தில் அதிகாரத்தைக் குறித்து, ஜனவரியில் வீட்டு ஜெபக்கூட்டங்களில் அந்த அதிகாரங்களை முழுசாக வாசிக்க வைக்கிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாலிபர்கள் வாசித்துக் காட்டட்டும்.

பாளை எட்வின்

வாசிக்க வைப்பது நல்லது. மேஸ்திரி வீட்டுக்கு எப்போது போவீர்கள்?

பாஸ்டர் சாம்

வருகிற சனிக்கிழமை, கூலி கொடுக்கிற நேரத்துக்கு முன்னால். லேவியராகமம் 19:13-ஐ எடுத்துக்கொண்டு போகிறேன். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." ஜெபித்துக்கொள்ளுங்கள்.