இணையவழி வகுப்பில் எலக்ட்ரோசைக்ளிக் வினைகள்: சுழற்சியைப் புரியவைப்பது எப்படி?

கரிமவளையம்:
முதுகலை வேதியியல் முதலாண்டு வகுப்பு. எலக்ட்ரோசைக்ளிக் வினை என்றால் பை எலக்ட்ரான்கள் இடம்மாறி ஒரு வளையம் திறப்பது அல்லது மூடுவது. பங்குபெறும் பை எலக்ட்ரான் 4 ஆ 6 ஆ, வெப்பமா ஒளியா என்பதை வைத்து முனைகள் சுழலும் விதத்தைச் சொல்லும் அட்டவணை எல்லோருக்கும் மனப்பாடம். சிஸ்-3,4-டைமெத்தில்சைக்ளோபியூட்டீனைச் சூடாக்கினால் கான்ரொட்டேட்டரி (இரு முனையும் ஒரே திசையில் சுழல்வது) என்று சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் விளையும் 2,4-ஹெக்ஸாடையீனில் இரண்டு இரட்டைப் பிணைப்பையும் டிரான்ஸாக (தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கத்தில்) வரைகிறார்கள். அசைபடம் காட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பைபிணைப்பு:
அசைபடம் யோசிக்கும் முன்பே விடையைக் காட்டிவிடுகிறது, அதுதான் சிக்கல். அவர்கள் கையே சுழலட்டும். ஆளுக்கு 2 ரப்பர், 2 பல்குச்சி போதும். ஒவ்வொரு ரப்பரிலும் ஒரு பல்குச்சியைச் செங்குத்தாகக் குத்தி, ஒரு முனைக்குச் சிவப்பு மை தடவச் சொல்லுங்கள். சிவப்பு மெத்தில், மறுமுனை ஹைட்ரஜன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் மூன்றாம், நான்காம் கார்பன்கள். சிஸ் என்றால் இரண்டு சிவப்பும் மேலே. இரண்டையும் கடிகாரத் திசையில் 90 பாகை திருப்பினால் ஒரு சிவப்பு உள்ளே, ஒன்று வெளியே. அதாவது உள்ளே திரும்பிய பக்கத்துப் பிணைப்பு சிஸ், மற்றது டிரான்ஸ். திருப்பும் முன் விடையை எழுதி அனுப்பச் சொல்வது முக்கியம்.

ஒளிவினை:
கேமராவையும் கவனியுங்கள். படம் கண்ணாடிபோல் இடவலம் மாறினால் கான்ரொட்டேட்டரி அப்படியேதான் இருக்கும், ஆனால் ஆர் மையம் (வலக்கை, இடக்கை போன்ற இரு அமைப்பில் ஒன்று) அதற்கு எதிரான எஸ்ஸாகத் தெரியும். ஒரு தாளில் எழுத்தைக் காட்டிச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேர்வில் "கான்ரொட்டேட்டரியா, டிஸ்ரொட்டேட்டரியா (எதிரெதிர்த் திசையில் சுழல்வது)?" என்று கேட்காதீர்கள், குருட்டாம்போக்கில் பாதிப்பேர் சரியாகச் சொல்வார்கள். அமைப்பை வரைய வைத்து இன்ச்சி-கீயை (மூலக்கூறின் அமைப்பிலிருந்து கணினி உருவாக்கும் எழுத்துக் குறியீடு) ஒப்பிடுங்கள். முதல் 14 எழுத்து பொருந்தினால் அணுக்களின் இணைப்பு சரி, பாதி மதிப்பெண். சிஸ், டிரான்ஸ் போன்ற இடவமைப்பைக் குறிக்கும் அடுத்த பகுதியும் பொருந்தினால்தான் முழு மதிப்பெண். ஒரு பொறி உண்டு: டிரான்ஸ்,சிஸ்,டிரான்ஸ்-2,4,6-ஆக்டாட்ரையீன் வெப்பத்தில் தருவது சிஸ்-5,6-டைமெத்தில்-1,3-சைக்ளோஹெக்ஸாடையீன் வளையம்; அது மீசோ (அதன் கண்ணாடிப் பிம்பமும் அதுவே), ஒரே கீ. ஒளியில் வருவது டிரான்ஸ். அதற்கு இரண்டு எனான்ஷியோமர் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்கள்), இரண்டு கீ. இரண்டையும் விடைப்பட்டியலில் சேர்க்காவிட்டால் சரியாக வரைந்தவருக்கே மதிப்பெண் போய்விடும்.

கரிமவளையம்:
நன்றி. டிரான்ஸ்-3,4-டைமெத்தில்சைக்ளோபியூட்டீனை இந்த மாதிரியில் திருப்பினால், ஒரு திசையில் இரண்டு மெத்திலும் உள்ளே வருகின்றனவே?

பைபிணைப்பு:
விதி இரண்டு திசையையும் அனுமதிக்கிறது. உள்ளே திரும்பினால் மெத்தில்கள் நெருங்கி முட்டிக்கொள்ளும். அதனால் வெளியே திரும்பி, இரண்டு பிணைப்பும் டிரான்ஸாக உள்ள டையீனே கிடைக்கிறது. உங்கள் மாணவர்கள் வரைந்த விடை இந்தச் சேர்மத்துக்கு உரியது. இரண்டு கேள்வியையும் அடுத்தடுத்துக் கொடுங்கள்.