ஒரு சிலிண்டருக்கு எத்தனை பேர்? இயற்கை எரிவாயு வந்தால் அந்தக் கணக்கு மாறுமா?

கேள்வி: லிந்துலை ஆசிரியை

வணக்கம். நான் லிந்துலைப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். மின் கட்டணம் திருத்தப்படும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்பது வழக்கம். ஆனால் அங்கே போய்ச் சேரும் கடிதங்களில் தோட்டப்புறத்திலிருந்து எழுதப்பட்டவை மிகக் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். எனவே இம்முறை எங்கள் மக்களின் எண்ணத்தைத் திரட்டி அனுப்பலாம் என்று, பெற்றோர் கூட்டம் முடிந்தபின் சிலரை உட்காரவைத்துப் பேசினேன்.

கையில் ஒரு கேள்வித்தாளும் வைத்திருந்தேன். எரிவாயு விலை நியாயமானதா, ஓரளவு நியாயமானதா, நியாயமற்றதா என்று தொடங்கிய அந்தத் தாள் முதல் ஐந்து நிமிடத்திலேயே மடித்து வைக்கப்பட்டது. ஏனெனில் அங்கே யாரும் விலையை ரூபாவில் பேசவில்லை, "பேர்" கணக்கிலேயே பேசினார்கள். வெளியூர் வாசகருக்காக ஒரு விளக்கம்: தேயிலைத் தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலை ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அது அரைப் பேராகிவிடும்.

வீட்டுக்கு வந்து அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படுவதற்கு முன் 12.5 கிலோகிராம் சிலிண்டர் 1,493 ரூபா, நாட்சம்பளம் 1,000 ரூபா. அதாவது ஒன்றரைப் பேர். 2022 ஜூலையில் அதே சிலிண்டர் 4,910 ரூபாவானபோது சம்பளம் அதே 1,000 ரூபாவாக நின்றது. ஏறத்தாழ ஐந்து பேர். 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தபோது சிலிண்டர் 3,690 ரூபா. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் பேர். பத்திரிகைகள் விலை குறைந்ததாக எழுதின, அதுவும் பொய்யில்லை. ஆனால் ஒன்றரைப் பேரை நினைவில் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அது இன்னும் இறங்காத விலைதான். இவை கொழும்பு விலைகள் என்பதையும், மலையேறி வரும்போது போக்குவரத்துச் செலவு தனியாகச் சேர்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

என் சந்தேகம் இதுதான். மன்னார்க் கடலில் எரிவாயு இருக்கிறது, கெரவலப்பிட்டியில் எரிவாயு மின்நிலையம் கட்டப்பட்டுவிட்டது, ஆகவே சிலிண்டர் விலை ஒரு நாள் விழத்தான் போகிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்தக் கேஸ் ஹட்டனுக்கு எப்போது வரும் என்று ஒரு தந்தை என்னிடமே கேட்டார். எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நம்பிக்கைக்கு ஏதேனும் அடிப்படை உண்டா? இறக்குமதிச் செலவு பற்றிய பகுதியை வெறும் முறைப்பாடாக இல்லாமல் எப்படி எழுதலாம்?

பதில்: பழைய டீமேக்கர்

டீச்சர், உங்கள் "பேர்" கணக்கை அப்படியே கடிதத்தில் சேருங்கள். அமைச்சில் இருப்பவர்களுக்கு அது புதிய அலகாக இருக்கும்.

அந்தத் தந்தைக்கான பதில் கொஞ்சம் கசப்பானது. அவர் வீட்டுச் சிலிண்டரில் இருப்பதும் மன்னார்க் கடலடியில் இருப்பதும் ஒன்றல்ல. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அளவான அழுத்தம் கொடுத்தால் சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாகிவிடுவதால்தான் அதை இரும்புக் குடுவையில் அடைத்து, லொறியில் ஏற்றி, கொட்டகலைக் கடை வாசலில் இறக்க முடிகிறது. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அதைத் திரவமாக்கக் கிட்டத்தட்ட மைனஸ் 162 பாகை செல்சியஸ் வரை குளிரூட்ட வேண்டும். தனிக் கப்பல், இறக்கிச் சேமிக்க ஒரு முனையம், மீண்டும் வாயுவாக்கும் கருவி, அங்கிருந்து குழாய் என்று எல்லாம் அமைந்தாலும் அது போய்ச் சேரும் இடம் கரையோர மின்நிலையமே தவிர நம் அடுப்படி அல்ல. வீட்டுக்கு வீடு குழாய் போட்ட நகரங்கள் உலகில் உண்டு. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான பத்து அறை லயனுக்குப் பள்ளத்தாக்குகளைத் தாண்டி யாரும் குழாய் போட மாட்டார்கள்.

மன்னாரில் 2011ஆம் ஆண்டு இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டறியப்பட்டது உண்மை. ஆயிரம் மீற்றருக்கும் கூடுதலான ஆழமுள்ள கடல் அது. கண்டறிந்த நிறுவனம் பின்னர் விலகிச் சென்றுவிட்டது, வணிக அளவில் இன்றுவரை எதுவும் மேலே வரவில்லை. கெரவலப்பிட்டி நிலையங்களும் இயற்கை எரிவாயுவை எரிக்கக்கூடியவை என்ற பெயரில் அமைக்கப்பட்டவைதான். நாட்டுக்குள் அந்த வாயு வராததால் இறக்குமதி எண்ணெயிலேயே ஓடத் தொடங்கின. முனையம் உண்மையிலேயே அமைந்து, வாயுவை நல்ல விலைக்கு வாங்கவும் முடிந்தால், அந்த எண்ணெய்ச் செலவு குறைந்து மின் கட்டணத்தில் ஓரளவு தெரியலாம். சிலிண்டரில் தெரியாது.

சிலிண்டரின் விலையை ஆட்டிவைப்பவை வேறு. சவூதி அரம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலைதான் ஆசியச் சந்தைக்கு அளவுகோல். அதன்மேல் கப்பல் கூலி, அதன்மேல் டொலரின் பெறுமதி. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, அரம்கோ விலை அசையாமலே இருந்திருந்தாலும் நம் சிலிண்டர் ஏறியிருக்கும். கடைசியில் வரி. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி, அதுவரை விலக்குப் பெற்றிருந்த சமையல் எரிவாயுவும் அதற்குள் கொண்டுவரப்பட்டபோது, 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒரே நாளில் 685 ரூபா கூடி 4,250 ரூபாவானது. அன்றைய சம்பளத்தில் முக்கால் பேருக்குச் சற்றுக் குறைவு. இறக்குமதி விலை நம் கையில் இல்லை என்று சொல்பவர்களிடம் இந்த வற் வரியைக் காட்டலாம். இது கொழும்பில் எடுத்த முடிவு.

இன்னொன்று, நீங்கள் தட்டப்போகும் கதவு. ஆணைக்குழு தீர்மானிப்பது மின் கட்டணத்தை. 2021இல் நீக்கப்படும்வரை சமையல் எரிவாயுவின் விலைக் கட்டுப்பாடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் கையில் இருந்தது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், இரண்டாவது பாதி எங்கள் வேலை அல்ல என்ற பதில் வந்து முதல் பாதியும் கோப்புக்குள் போய்விடும்.

பதில்: மவுஸ்ஸாக்கலைக் கரையோரம்

டீமேக்கர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மின்சாரப் பக்கத்தை அவர் சீக்கிரம் கடந்துவிட்டார். நம்முடைய பேச்சுக்கு உண்மையான வலு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டு இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் தெரியும். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் போனது. கடும் வரட்சி வந்தால் நீர் இறங்கி, பழைய கோயில் சேறு படிந்த தூண்களோடு வெளியே வரும். பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். என் மாமியாருக்கு மட்டும் அது வேறு அறிவித்தல். கோயில் தெரிய ஆரம்பித்துவிட்டது, கரண்ட் பில் கூடப்போகிறது என்பார். பொறியியலாளர் சொல்வதும் அதுவே, சொற்கள்தான் நீளம். அந்தத் தண்ணீர் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று மூன்று நிலையங்களில் அடுத்தடுத்து மின்சாரமாகிறது. காசல்ரீ நீர் விமலசுரேந்திர நிலையத்துக்கும் பழைய லக்சபானவுக்கும் போகிறது, தலவாக்கலையில் 2012 முதல் 150 மெகாவாட் மேல் கொத்மலை இருக்கிறது. மழை பொய்த்தால் இவை ஓயும். அந்த இடத்தை நுரைச்சோலை நிலக்கரியும் கரையோர எண்ணெய் நிலையங்களும் நிரப்ப வேண்டும். இரண்டும் டொலருக்கு வாங்கும் பொருட்கள். ஆகவே நம் மலையில் பெய்யாத மழை கப்பலில் இறக்குமதியாகிறது என்று சொன்னால் மிகையில்லை.

கட்டணம் ஏறிய விதத்தைப் பாருங்கள். மாதம் 30 அலகு மட்டும் எரிக்கும் வீடு 2022 ஓகஸ்டுக்கு முன் நிலையான கட்டணத்தோடு 105 ரூபா கட்டியது. அந்த ஓகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று, 2023 பெப்ரவரியில் 1,300 ரூபா. சராசரி உயர்வு 66 சதவீதம் என்று செய்தியில் வாசித்தார்கள், எங்கள் லயனில் பில் மூன்றரை மடங்குக்கும் மேலாயிற்று. அந்த 1,300 ரூபாவில் 400 ரூபா, ஒரு விளக்கைக்கூடப் போடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம். பின்னர் குறைத்தார்கள், அது உண்மை. ஆனால் சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டின்படி கட்டணம் செலவைப் பிரதிபலிக்க வேண்டும் என்றால், எந்த வீட்டுக்கான செலவு என்று கேட்கும் உரிமை, மழையும் நிலமும் கொடுத்த பகுதிக்கு உண்டு.

லிந்துலை ஆசிரியை

இருவருக்கும் நன்றி. இரண்டு கடிதங்களாகப் பிரித்துவிடுகிறேன். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். விலை ஏறுவதைவிட ஒரே நேரத்தில் மொத்தமாகக் கட்ட வேண்டியிருப்பதே கஷ்டம் என்று பல தாய்மார் சொன்னார்கள். அப்படியானால் சிறிய சிலிண்டரை ஏன் எடுப்பதில்லை? சிறியது கிலோவுக்குக் கூடுதல் விலையோ?

பதில்: கடைக்காரர் மகன்

அப்பா நுவரெலியா வீதியில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், கேஸும் விற்கிறோம், அதனால் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். கிலோவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 2024 ஜூலை விலையில் 12.5 கிலோகிராம் 3,690 ரூபா, 5 கிலோகிராம் 1,482 ரூபா, 2.3 கிலோகிராம் 694 ரூபா. வகுத்துப் பார்த்தால் முறையே ஏறத்தாழ 295, 296, 302 ரூபா. சிறியதை வாங்குபவரை விலை தண்டிக்கவில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பெரிய சிலிண்டரை வைத்திருப்பவர் சிறியதற்கு மாற வேண்டுமென்றால் வெற்றுச் சிலிண்டரைப் புதிதாக வாங்க வேண்டும். வெற்றுச் சிலிண்டருக்கே ஒரு பெருந்தொகை போய்விடும். லொறி வரும் நாளில் எங்களுக்குக் கிடைப்பவற்றில் பெரியவையே அதிகம், 5 கிலோகிராம் சில நாட்களில் ஒன்றுகூட இருப்பதில்லை. பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு (பிரிவுக்கு) அதைச் சுமந்துபோக முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசும் உண்டு. பெரியதற்கும் சிறியதற்கும் ஒரே வாடகைதான். மாதம் இரண்டு முறை சிறிய சிலிண்டர் எடுத்தால் இரண்டு வாடகை. இந்த வாடகை எந்த விலைப்பட்டியலிலும் வராது, ஆனால் வாங்குபவர் அதையும் கூட்டித்தான் பேசுகிறார்.

அதனால் எங்கள் கடையில் நடப்பது இது: சம்பள நாளில் பெரியது ஒன்று போகும். வீட்டுக்காரி அதைத் தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றையும் சுடுதண்ணியையும் கவ்வாத்து மிளாறில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் குச்சியில், வைப்பார். ஒரு சிலிண்டர் மூன்று மாதம் இழுபடும். கேஸ் பாவனை கூடியிருக்கிறது என்று கணக்கெடுப்பவர் எழுதிக்கொள்வார், புகை மட்டும் அந்த அறையை விட்டுப் போயிருக்காது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபிறகு அந்த அடுப்பும் மூலைக்குப் போய்விட்டது. ஆகவே விறகுதான் மிச்சம்.

பதில்: பழைய டீமேக்கர்

தம்பி சொன்ன மிளாறு விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. கவ்வாத்து எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் நடப்பதில்லை. தங்கள் மலை முறையில் வராத ஆண்டில் அந்தப் பெண்கள் வெகுதூரம் நடந்து விறகு பொறுக்க வேண்டும். எந்த மாதம் யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதை, டீச்சர், உங்கள் மாணவர்களைக் கொண்டே கேட்டு எழுதச் சொல்லுங்கள். மடித்து வைத்த கேள்வித்தாளின் பின்பக்கம் அதற்குப் போதும்.

லிந்துலை ஆசிரியை

திங்கட்கிழமை வகுப்பில் கொடுக்கிறேன். ஆணைக்குழுவுக்கான கடிதத்தில் நிலையான கட்டணமும் 30 அலகு வீடுகளும் மட்டும் வரும். அதிகார சபைக்கான கடிதத்தில் வற் வரி, 5 கிலோகிராம் சிலிண்டர் போதாமை, வெற்றுச் சிலிண்டரை மாற்றிக்கொள்ள ஒரு வழி ஆகிய மூன்றையும் கேட்கிறேன். மன்னாரைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. அந்தத் தந்தையிடம் நேரில் சொல்லிவிடுகிறேன்.