வேர்டு அட்டவணையை எளிய உரையாக மாற்றினால் தமிழ்ப் பெயர்கள் உடைகின்றன

புக்கிட் பாஞ்சாங் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத் தமிழ் வாசகர் குழுவின் உறுப்பினர் பதிவேடு பல ஆண்டுகளாக ஒரே வேர்டு கோப்பில் 31 பக்க அட்டவணையாக இருந்து வருகிறது. பெயர் தமிழிலும், முகவரி, அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், சேர்ந்த நாள் ஆகியவை ஆங்கிலத்திலும் உள்ளன. புதிய மென்பொருளில் ஏற்றுவதற்காக, ‘கன்வர்ட் டு டெக்ஸ்ட்’ கட்டளையில் காற்புள்ளியைப் பிரிப்பானாக, அதாவது கட்டங்களைப் பிரித்துக் காட்டும் குறியாகத் தேர்ந்து, எளிய உரையாகச் சேமித்தேன். நோட்பேடில் திறந்தால், பெயர்கள் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிகின்றன.

முகவரிகளில் காற்புள்ளி இருப்பதால் அவை சிதறும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பெயரே சிதறுகிறது. எக்செலில் ‘இளங்கோ’ என்பவரின் வரிசையில் முதல் கட்டம் வெறுமையாகி, மற்ற அனைத்தும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிடுகின்றன. அடுத்த வரிசையில் உள்ள ‘கண்ணன்’ தன் இடத்திலேயே இருக்கிறார். இருவர் பெயரிலும் காற்புள்ளி கிடையாது. காரணம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஜூரோங் தட்டச்சர்:

காற்புள்ளிக்குப் பதிலாக டேப் குறியைப் பிரிப்பானாகத் தேர்ந்தெடுங்கள். முகவரிக்குள் டேப் வருவது அரிது. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முகவரியை எழுதும்போது கட்டத்துக்குள்ளேயே என்டர் விசையைத் தட்டி இரண்டு மூன்று வரிகளாகப் பிரித்திருந்தால், உரையாக மாறியதும் ஒவ்வொரு வரியும் தனி உறுப்பினரைப்போல் நிற்கும். ஆகவே அட்டவணை முழுவதையும் தேர்ந்துகொண்டு, ‘ரீப்ளேஸ்’ பெட்டியின் ‘ஸ்பெஷல்’ பட்டியலிலிருந்து ‘பேராகிராஃப் மார்க்’, ‘மேனுவல் லைன் பிரேக்’ இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, இடைவெளியாக மாற்றிவிடுங்கள். கட்டத்தின் முடிவைக் குறிக்கும் குறி இதனால் அழியாது.

தேக்கா அச்சுக்கோப்பாளர்:

இளங்கோவின் வரிசை நகர்ந்ததற்குக் காரணம் எழுத்துரு. உங்கள் கோப்பில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்வேன். பாமினி யூனிகோட் அன்று; யூனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரம். ஆங்கில விசைகளின் குறிகளுக்கே தமிழ் வடிவம் பூட்டிய பழைய எழுத்துரு. அதில் ‘இ’ என்ற எழுத்து காற்புள்ளியின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. திரையில் நீங்கள் ‘இ’ என்று படிப்பதைக் கணினி காற்புள்ளியாகவே வைத்திருக்கிறது; எளிய உரையில் எழுத்துருத் தகவல் உதிர்ந்தவுடன் அந்தக் காற்புள்ளி வெளிப்பட்டுப் பெயரை வெட்டுகிறது. அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. ‘கண்ணன்’ அங்கே இரண்டு இடங்களில் முறிவார்.

ஆகவே டேப் பிரிப்பானே சரி. மாற்றிய உரை முழுவதையும் அப்படியே யூனிகோட் மாற்றியில் போட்டுவிடாதீர்கள். ஆங்கில முகவரிகளையும் அது தமிழாகக் கருதிக் குழப்பிவிடும். பெயர் நெடுவரிசையை மட்டும் எக்செலிலிருந்து நகலெடுத்து, மாற்றியில் இட்டு, யூனிகோடாகப் பெற்று, அதே இடத்தில் ஒட்டுங்கள். வெறுமையான கட்டங்களையும் சேர்த்தே நகலெடுத்தால்தான் ஒருவர் பெயர் இன்னொருவர் முகவரியோடு சேராமல் இருக்கும்.

கிளமெண்டி கணக்காளர்:

மேலும் ஒரு பொறியை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். 1995 முதல் சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கங்களைக் கொண்டது. ராஃபிள்ஸ் பிளேஸ், சைனாடவுன் போன்ற வட்டாரங்களில் அது சுழியத்தில் தொடங்குகிறது. எக்செல் அதை எண்ணாகக் கருதி, முன்னுள்ள சுழியத்தை உதிர்த்து ஐந்து இலக்கமாக்கிவிடும். வீட்டு எண்ணைத் தனிக் கட்டத்தில் வைத்து, முன்னால் உள்ள ‘#’ குறியை விட்டுவிட்டால், 05-12 என்பது தேதியாக மாறிவிடும். எனவே உரைக் கோப்பைச் சொடுக்கித் திறக்காமல், ‘டேட்டா’ பிரிவு வழியாக உள்ளே எடுத்து, அந்த நெடுவரிசைகளின் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்; சிஎஸ்வி என்பது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் உரைக் கோப்பு, யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை. சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். காற்புள்ளி உள்ள முகவரியை எக்செலே இரட்டை மேற்கோளுக்குள் இட்டுவிடும். சிஎஸ்வி வடிவத்தைப் பற்றி 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விவரிப்பதும் அந்த வழக்கத்தைத்தான்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்:

தேக்கா ஐயா, கோப்பைத் திறந்து பார்த்தேன், பாமினியேதான். ‘இ’யில் தொடங்கும் பெயர்கள் மட்டும் நகர்ந்ததன் பொருள் இப்போது விளங்கிற்று. டேப் பிரிப்பானுடன் மீண்டும் மாற்றி, ஒவ்வொரு வரியிலும் நான்கு டேப் குறிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு வரிகளில் மட்டும் மூன்றே இருந்தன. ஒரே வீட்டில் வாழும் உறுப்பினர்களுக்கு முகவரிக் கட்டத்தை யாரோ ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். அவற்றைக் கையால் பிரித்து எழுதிவிட்டேன். இளங்கோ தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி.