1000 கிலோ தாங்குற வேர்க் பெஞ்ச் இங்கயே செஞ்சு குடுக்க ஏலுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கிராண்ட்பாஸ்_வெல்டிங்:

எல்லாருக்கும் வணக்கம். கிராண்ட்பாஸ் பக்கம் சின்னதா ஒரு வெல்டிங் கடை நடத்துறோம், நானும் மச்சானும், கூட ரெண்டு பாஸ்மார் (வேல தெரிஞ்ச ஆக்கள்). இவ்வளவு நாளும் கேட், கிறில், படிக்கட்டு கைப்பிடி, இதுதான் வேல. போன கிழமை பேலியகொடையில லொறி ரிப்பேர் பண்ணுற ஒரு கராஜ்காரர் வந்து எட்டு வேர்க் பெஞ்ச் செஞ்சு தர ஏலுமான்னு கேட்டார். கையில ஒரு வெளிநாட்டு கட்டலொக், அதுல பெஞ்சுக்கு கீழ 1000 கிலோன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதை இறக்கப் போய் கப்பல் கூலி, டியூட்டி, அதுக்கு மேல 18% வற் வரி எல்லாம் கூட்டிப் பார்த்துட்டுத்தான் மனுசன் எங்கட கடைக்கு வந்திருக்கார் போல.

நான் ஏலும்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வந்து பயமா இருக்கு. ஏன்னா எங்கட கடையில நாங்களே செஞ்ச பெஞ்ச் ஒண்டு இருக்கு, ஒண்டரை அங்குல ஆங்கிள் அயன்ல, வைஸ்ல (சாமான இறுக்கிப் பிடிக்கிற கருவி) பைப் ஒண்ட மாட்டி இழுத்தா பெஞ்சும் கூடவே நடந்து வரும். அவருக்கு அதக் காட்டல, மேல சாக்குப் போட்டு மூடிட்டேன் :)

மேல் தகடு எத்தன மில்லி போடணும், ஆங்கிளா பொக்ஸ் பாரா (சதுரக் குழாய்), அந்த 1000 கிலோவ எப்படி நம்பி கொட்டேசன்ல எழுதுறது, விலை எப்படி போடுறது. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.


பழைய_பிட்டர்:

தம்பி, நான் முப்பது வருசத்துக்கு மேல பிட்டராய் வேலை செய்தனான், இப்ப வெள்ளவத்தையில பேரப்பிள்ளையளோட இருக்கிறன். உங்கட பெஞ்ச் நடக்கிறது பாரம் தாங்காததால இல்லை. ரெண்டுக்கு ரெண்டு அங்குலப் பொக்ஸ் பார், 3 மில்லி சுவர் எண்டால் ஒரு கால் மட்டுமே நேர்ப் பாரத்துக்கு டொன் கணக்கில நிக்கும். பெஞ்சை கொல்லுறது பக்கவாட்டு இழுவை. மூண்டடி பைப்பை ஸ்பானரில மாட்டி ஒருத்தன் முழுப் பலத்தோட இழுக்கேக்க கால் நாலும் ஒரே பக்கம் சாயப் பாக்கும், ஒவ்வொரு வெல்டிலயும் அது போய் இடிக்கும். பின்பக்கம் முழுக்க தகடு அடியுங்கோ, ஒண்டரை மில்லி போதும், இல்லாட்டி பெருக்கல் குறி மாதிரி பட்டை இரும்பு. ரெண்டு தலைப்பக்கத்துக்கும் அப்பிடித்தான். முன்பக்கம் மட்டும் கால் வைக்க திறந்து விடுங்கோ. கீழ்த்தட்டு கட்டாயம் வேணும், அதில பாரமான சாமான் ஏற ஏற பெஞ்ச் அசையாது. காலை தரையோட இறுக்க ஆங்கர் போல்ட் அடிக்கிறதெண்டால் இன்னும் நல்லது.

நீளம் எவ்வளவு எண்டு நீங்கள் சொல்லேல்லை. எட்டடி எண்டு வைப்பம். நாலு காலோட நிப்பாட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டுக்கு ரெண்டு பார் போட்டு, அந்த 1000 கிலோவையும் பரத்தி வைச்சால், மேல் தகட்டை கணக்கில எடுக்காமல் பாத்தா நடுவில 20 மில்லி மட்டில தொய்யும். முக்கால் அங்குலம்! நடுவில இன்னொரு சோடி கால் வைச்சால் அதே பாரத்துக்கு ஒரு மில்லியை கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில ஒண்டு. ஆக எட்டடிக்கு ஆறு கால்.

தகடு 6 மில்லி, அதாவது ரெண்டு நூல் (கால் அங்குலம்) தகடு, அதுக்கு கீழ ஒண்டரை அடிக்கு ஒரு குறுக்கு பார். 10 மில்லி போட்டால் விறைப்பு நாலரை மடங்கு கூடும் உண்மைதான், ஆனா இரும்பும் மூண்டில ரெண்டு பங்கு கூடப் போகும், குறுக்கு பார் ஒழுங்காய் இருந்தால் அது வீண் செலவு. வைஸ் பூட்டுற இடத்தில மட்டும் கீழால ஒரு 10 மில்லித் துண்டு வையுங்கோ. வைஸ் நேரா காலுக்கு மேல வரவேணும், ரெண்டு காலுக்கு நடுவில பூட்டினால் ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் தகடு மேளம் மாதிரி அடிக்கும்.

உயரம். இதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. வைஸின்ர வாய் வேலை செய்யிறவன்ர முழங்கைக்கு நேரா வரவேணும். எங்கட ஆக்களுக்கு முழங்கை 40 அங்குலம் மட்டில, வைஸ் ஆறேழு அங்குலம் எண்டால் பெஞ்ச் 33, 34. கட்டலொக்கில இருக்கிற உயரத்தை அப்பிடியே எடுத்துப் போடாதேங்கோ, அது வேற உயரமான ஆக்களுக்கு.


இரும்புக்கடை_நானா:

பிட்டர் ஐயா சொன்னது சரி. நான் பழைய சோனகத் தெருவுல இரும்பு விக்கிறவன், என்ட பக்கத்த சொல்றேன். தம்பி, பெஞ்ச எட்டுக்கு ரெண்டடின்னு வைங்க. தகடு எட்டுக்கு நாலு தான வருது, நடுவால ஒரு வெட்டு, ரெண்டு பெஞ்ச், ஒரு துண்டு கழிவு இல்ல. எட்டு பெஞ்சுக்கு நாலு தகடு. அகலத்த ரெண்டரை அடின்னு அவர் கேட்டா தகட்டுக்கு ஒரு பெஞ்ச்தான் வரும், மிச்சம் ஒண்டரை அடிப் பட்டைய வச்சு என்ன செய்வீங்க, அத அவர்ட்ட மொதல்லயே சொல்லி அதுக்கும் விலை போடுங்க.

6 மில்லி எட்டுக்கு நாலு தகடு 140 கிலோ இருக்கணும். கடையில 6ன்னு சொல்லி ஐஞ்சரை தருவாங்க, வேர்னியர் கொண்டு போங்க, இல்லாட்டி தராசுல ஏத்தச் சொல்லுங்க. நானும் கடைக்காரன்தான், அதான் சொல்றேன். பொக்ஸ் பாரும் அப்படித்தான், 3ன்னு சொல்லி ரெண்டரை வரும், வெளியால பார்த்தா தெரியாது, வெட்டின முனையில பிடிச்சுப் பார்க்கணும். ஆறு காலு, மேல கீழ சுத்து, குறுக்கு எல்லாம் சேர்த்தா ஒரு பெஞ்சுக்கு இருபதடி பார் மூணு பத்தாது, மூணரை போட்டுக்கோங்க. தகடும் பாரும் மட்டுமே 160 கிலோவ தாண்டும், பின் தகடு, தட்டு தனி.

விலைய நான் இங்க எழுத மாட்டேன், இண்டைக்கு எழுதினா அடுத்த கிழமை என்ன ஏசுவீங்க. கிலோவ கணக்குப் பண்ணி, அண்டைக்கு விலையால பெருக்கி, ரொட், டிஸ்க், கரண்ட், பெயின்ட், பாஸ்மார் கூலி, லொறிக் கூலி (இத மறந்துதான் எல்லாரும் நட்டப்படுற) போட்டு அதுக்கு மேல உங்கட லாபம். கொட்டேசன்ல "ஏழு நாளைக்கு மட்டும்"னு கட்டாயம் எழுதுங்க. இரும்புக் காச முழுசா அட்வான்சா எடுங்க. டொலர் பாய்ஞ்ச 2022ல பழைய கொட்டேசன்ல மாட்டினவங்க எத்தன பேர்னு எனக்குத் தெரியும்.


ஸ்டோர்ஸ்_அக்கா:

நான் ஒரு கராஜ்ல ஸ்டோர்ஸ் பார்க்குறேன், பெஞ்ச் செய்யத் தெரியாது, ஆனா பெஞ்சோட மாரடிக்கிறது நான்தான். எங்களுக்கு ஒரு இடத்துல ஆறு பெஞ்ச் செஞ்சு தந்தாங்க, கொண்டு வந்த அன்னைக்கு பச்சை பெயின்ட் பளபளன்னு இருந்திச்சு. ரெண்டு மாசத்துல மேல் தகட்டுல பெயின்ட் தோல் உரிஞ்ச மாதிரி வந்திடுச்சு, பிரேக் ஒயில் பட்டா பெயின்ட் நிக்காதுன்னு அவங்களுக்கு தெரியாதா? அதனால மேல் தகட்டுக்கு பெயின்டே அடிக்காதீங்க, ஒயில் துணியால துடைச்சா போதும். கால் நுனி திறந்து கிடந்ததால கழுவுற தண்ணி உள்ள போய் உள்ளாலயே துரு. அதையும் தகடு வச்சு மூடுங்க. நாங்க மட்டக்குளிப் பக்கம், கடல் காத்து வேற.

தகட்டு ஓரம் கத்தி மாதிரி இருந்திச்சு, ஒரு தம்பிக்கு உள்ளங்கையில தையல் போட்டோம். கிரைண்டரால ஒரு தடவை ஓரத்த உருட்டி விட எவ்வளவு நேரம் போகும்? பின்பக்கம் ரெண்டு அங்குலத்துக்கு ஒரு விளிம்பு எழுப்பி விடுங்க, நட்டு உருண்டு சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவுல விழுந்தா அத எடுக்க அரை மணித்தியாலம்.

இன்னொண்ணு, கராஜ் தரை மட்டமா இருக்காது, தண்ணி ஓட சரிவு வச்சிருப்பாங்க. காலுக்கு கீழ நட் வெல்ட் பண்ணி பெரிய போல்ட் ஒண்ணு போட்டா நாங்களே ஏத்தி இறக்கிக்கலாம். எங்க ஸ்டோர்ஸ்ல ஒரு பெஞ்சுக்கு இன்னும் ஓட்டுத் துண்டுதான் முட்டுக் குடுத்திருக்கு.


பழைய_பிட்டர்:

பிள்ளை சொல்லுறது எல்லாம் சரி, நான் அந்த போல்ட்டை மறந்து போனன். 16 மில்லி போல்ட் போதும். ஆனா எட்டில ஒண்டுக்காவது மரம் போடச் சொல்லுவன், ரெண்டு அங்குலப் பலகை. அலுமினியம் சாமான், பம்ப் உறுப்பெல்லாம் இரும்பில வைச்சால் கீறல் விழும். பழைய ரயில் சிலிப்பர் கட்டை மலிவாய் கிடைக்கும் எண்டு சொல்லுவினம், வாங்காதேங்கோ, அதுக்குள்ள ஊறியிருக்கிற எண்ணெய் கைத்தோலுக்கு கூடாது.


ஸ்டோர்ஸ்_அக்கா:

ஐயா, மரம் உங்க காலத்துக்கு சரி. லொறி கராஜ்ல மரத்துல ஒயில் ஊறி, பக்கத்துல ஒருத்தன் கிரைண்டர் போட்டா பொறி எங்க போகும்? இரும்பு மேல ரப்பர் பாய் விரிச்சா கீறலும் விழாது, கழுவியும் எடுக்கலாம்.


பழைய_பிட்டர்:

ரப்பர் பாய் ஒயிலுக்கு ஊதிப் போகும். சரி, எஞ்ஜின் பக்கத்துக்கு மரம் வேண்டாம், பம்ப் அறைக்கு மட்டும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. சண்டை பிடிக்க எனக்கு ஏலாது.


கிராண்ட்பாஸ்_வெல்டிங்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கிழமைக்குப் பிறகு இப்பதான் திரும்ப வந்திருக்கேன். அட்வான்ஸ் எடுத்து மாதிரிக்கு ஒரு பெஞ்ச் செஞ்சோம், நானா சொன்ன எட்டுக்கு ரெண்டு. மச்சான் சொன்னான் ஜிஐ பார் (நாகம் பூசினது) போட்டா துரு பிடிக்காதுன்னு, ரெண்டு பார் வெட்டி வெல்ட் பண்ணிப் பார்த்ததுல பாஸ் ஒருத்தருக்கு ராத்திரி குளிர் காய்ச்சல், அது அந்த வெள்ளைப் புகையாலதானாம். விட்டுட்டு பூச்சு இல்லாத கறுப்பு பாருக்கு வந்து துருவுக்கு ரெட் ஒக்சைட் பெயின்ட் அடிச்சோம்.

இப்ப பிரச்சினை என்னன்னா, தகட்ட பிரேம்ல வச்சு பாஸ் சுத்திவர முழுசா வெல்ட் இழுத்துட்டார், பலமா இருக்கட்டும்னு. காலையில வந்து நேர் பட்டைய வச்சுப் பார்த்தா தகடு படகு மாதிரி. நடுவுக்கும் ஓரத்துக்கும் 7 மில்லி வித்தியாசம். என்ன செய்ய?


பழைய_பிட்டர்:

வெல்ட் ஆறேக்க சுருங்கும், சுருங்கேக்க தகட்டை இழுத்துக்கொண்டு போகும். அதை சுத்தியலால அடிச்சு நிமித்தப் பாக்காதேங்கோ. வெல்டை கிரைண்டரால வெட்டிக் கழட்டி, தகட்டை குறுக்கு பாரோட கிளாம்ப் போட்டு இறுக்கி, கீழால மட்டும் ஆறு அங்குலத்துக்கு ரெண்டு அங்குலம் வெல்ட் வையுங்கோ. இந்தத் தலையில ஒண்டு, அந்தத் தலையில ஒண்டு, பிறகு நடு. ஒரு இடத்திலயே நிண்டு இழுக்கப்படாது. பிரேமை முதல்லயே மூலைக்கு மூலை டேப் பிடிச்சுப் பாத்தனீங்களோ? ரெண்டு அளவும் ஒண்டா வரவேணும். தகடு ஏத்தமுதல் அதைப் பாருங்கோ.


கிராண்ட்பாஸ்_வெல்டிங்:

ஐயா சொன்ன மாதிரி கழட்டி திரும்பப் போட்டோம், இப்ப ஒரு மில்லிக்குள்ள நிக்குது. மூலைக்கு மூலை 4 மில்லி வித்தியாசம் இருந்திச்சு, அதையும் திருத்திட்டோம்.

1000 கிலோவுக்கு என்ன செஞ்சோம்னா, பக்கத்து ஹார்ட்வெயார்ல கெஞ்சி சீமெந்து மூட்டை வாங்கினோம், ஒண்டு 50 கிலோ, இருபது அடுக்கினா 1000. பாஸ் சொன்னார் எழுதுறத விட கூட வைப்போம்னு, 25 மூட்டை ஏத்தி ராத்திரி முழுக்க விட்டோம். முன்பக்க பாருக்கு கீழ நூல் கட்டிப் பார்த்ததுல ரெண்டு மில்லி தொய்வு, இறக்கினதும் திரும்ப வந்துட்டு. படம் எடுத்து கொட்டேசனோட அனுப்பினேன்.

நேத்து கராஜ்காரர் வந்தார். படத்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வைஸ்ல ஒரு அச்சுத் துண்ட மாட்டி, நாலடி பைப்பப் போட்டு, தொங்காத குறையா இழுத்தார். பெஞ்ச் அசையல. பிறகு வேற ஒண்டும் கேக்காம மிச்சம் ஏழையும் செய்யச் சொல்லிட்டுப் போய்ட்டார், ஒண்டுக்கு மட்டும் உயரம் 36 வேணுமாம், அவர்ட ஹெட் மெக்கானிக் ஆறடி ஆளாம்.

ஒரே ஒரு நட்டம், இறக்கும்போது ஒரு சீமெந்து மூட்டை கிழிஞ்சிட்டு, ஹார்ட்வெயார்காரர் முழுக் காசும் எடுத்துட்டார். நானா, அதையும் பில்லுல போட ஏலுமா?


இரும்புக்கடை_நானா:

சீமெந்துன்னு போடாதீங்க, "டெஸ்டிங்"னு போடுங்க. மிச்ச சீமெந்த அள்ளி வச்சிருக்கீங்கதானே, ஆங்கர் போல்ட் ஓட்டை பிழைச்சா அடைக்க உதவும்.